இத்தாலி ஒன்றுபட்ட கதையும் எங்கள் வீட்டுக் கலியாணமும்

தம்பி தொலைபேசியில் சொன்ன முதல் செய்தி, அவன் மகன் குகன் ஒரு பெண்ணை விரும்புகிறான் என்பது. இரண்டாவது, அவள் வெள்ளைக்காரி என்பது. மூன்றாவது, இத்தாலிக்காரி என்பது. மூன்றாவதைக் கேட்டதும் முதல் இரண்டும் எனக்கு மறந்துபோயின.

"இத்தாலியிலை எவ்விடம்?" என்று கேட்டேன்.

"அக்கா, நான் இஞ்சை நெருப்பிலை நிக்கிறன். நீங்கள் எவ்விடம் எண்டு கேக்கிறியள்," என்றான் சிவநேசன்.

என் நிலைமை அவனுக்கு விளங்காது. கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தாறு வருடங்களாக நான் சரித்திரம் படிப்பித்து வருகிறேன். உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு. அதில் இத்தாலியின் ஐக்கியம் என் சொந்தச் சொத்து மாதிரி. 1860க்கு முன் ஏழு துண்டாகக் கிடந்த நாட்டின் படத்தைப் புத்தகம் பாராமல் கரும்பலகையில் கீறுவேன். ஒரு சிந்தனையாளர், ஒரு மந்திரி, ஒரு தளபதி. ஆன்மா, மூளை, வாள் என்று மூன்று சொல்லில் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுப்பேன். சிவப்புச் சட்டை போட்ட தளபதி ஆயிரம் பேரோடு தெற்கில் வந்து இறங்கும் இடத்தை நான் சொல்லும்போது பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சத்தம் போடாமல் கேட்பார்கள். இத்தனைக்கும் ஓர் இத்தாலியரையாவது நான் கண்ணால் கண்டதில்லை.

பெண்ணின் பாட்டனார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தாய் தகப்பன் வந்து கேட்டால் போதாது, பெடியன் வீட்டில் மூத்தவர் யாரோ அவர் வந்து தன் மேசையில் இருந்து சாப்பிட்டுப் பேச வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெற்றோர் போய்ச் சேர்ந்த பிறகு மூத்தவள் நான்தான். 1994 ஆடியில் இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறினேன். பெட்டிக்குள் இரண்டு பட்டுச் சேலை, பெண்ணுக்கு ஒரு சங்கிலி, என் பாடக் குறிப்புக் கொப்பி. கொப்பி எதற்கு என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. இத்தாலிக்காரருக்குக் காட்டலாம் என்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். தம்பி குடும்பம் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், மல்வேர்னில் வரிசை வீடொன்றில் இருந்தது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பருத்தித்துறைக்காரர், மறுபக்கம் புங்குடுதீவுக்காரர். ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் கைநனைக்க யோசிக்கிறவர்கள், இங்கே ஒரே காரில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். தம்பிக்கு ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை. தம்பியின் மனைவி, மச்சாள் ராணி, இடியப்பமும் சொதியும் வைத்துத் தந்தாள். விமானத்தில் பதினாறு மணி நேரம் வாய்க்கு விளங்காததையெல்லாம் தின்ற எனக்கு அந்தச் சொதி ஒரு வைத்தியம்.

"மச்சாள், உவை மாடு சமைச்சு வைச்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள் ராணி. அவளுடைய கவலைகளில் அது ஏழாவதோ எட்டாவதோ. முதல் கவலை, சனம் என்ன சொல்லும் என்பது.

"வைச்சால் மற்றதைச் சாப்பிடும். வாயை மட்டும் சிரிச்சபடி வைச்சிரும். மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை நகரத்துக்குள் போனோம். மேற்குப் பக்கம் போகப்போகக் கார்களெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு, ஜன்னல்களில் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகள் பறக்க ஓடின. சுதந்திர தினமோ என்று கேட்டேன். உலகக் கிண்ணப் பந்தாட்டத்தில் இத்தாலி அன்று வென்றுவிட்டதாம். எங்கள் நாட்டில் ஒரு காரில் கொடி பறந்தால் அது எந்தக் கொடி என்று முதலில் பார்ப்போம், பிறகு கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்போம். இங்கே பிள்ளைத் தள்ளுவண்டியில்கூடக் கொடி கட்டியிருந்தார்கள். என் ஐக்கிய இத்தாலி என்னைத் தேடி வந்து வரவேற்கிறது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண் வீட்டுக்குப் போனோம். செங்கல் வீடு. முன்பக்கம் திராட்சைப் பந்தல், பின்பக்கம் தக்காளி. பெண் தானியேலா வாசலுக்கு ஓடி வந்து, குகன் பழக்கிவிட்டிருப்பான் போல, கைகூப்பி "வாங்கோ மாமி" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

பெண்ணின் தகப்பன் இறந்துவிட்டார். வீட்டில் மூன்றே பேர். தாய் கார்லா வடக்கே தூரின் பக்கத்துப் பெண். உயரம், வெட்டிய நரைமுடி, குறைந்த பேச்சு. பாட்டனார் சவேரியோ தகப்பனைப் பெற்றவர், தெற்கே கலாபிரியா மலைக்காரர். எண்பத்துநாலு வயது. கட்டையான மனிதர். கையைப் பிடித்தால் மரவேரைப் பிடித்தது போலிருந்தது. இந்த நகரத்தின் நிலக்கீழ் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய கை அது என்று குகன் சொன்னான்.

அந்த வீட்டில் இரண்டு சமையலறைகள். மேலே கார்லாவுடையது, வெண்ணெயும் பாற்கட்டியும். கீழே நிலவறையில் கிழவருடையது, ஒலிவ் எண்ணெயும் உள்ளிப்பூண்டும் கூரையில் தொங்கும் காய்ந்த மிளகாய்க் கொத்தும். இருபத்தெட்டு வருடமாக ஒரே வீட்டில் மருமகளும் மாமனும். ஒருவர் அடுப்பை மற்றவர் தொடுவதில்லையாம். இதை ஒரு பகிடியாகச் சொன்னாள் தானியேலா. நானும் சிரித்தேன். ஒரு சரித்திர ஆசிரியை சிரித்திருக்கக் கூடாத இடம் அது.

மேசைக்கும் இரண்டு அடுப்பிலிருந்தும் சாப்பாடு வந்தது. மேல்வீட்டுச் சோளமாக் களி, அதற்கு மேலே உருகிய பாற்கட்டி. கீழ்வீட்டுச் சிவப்புப் பாஸ்தா, கண்ணில் நீர் வரும் உறைப்போடு. ராணி பாஸ்தாவை வாயில் வைத்ததும் அவள் முகம் மலர்ந்ததை ரொறன்ரோவுக்கு வந்த பிறகு நான் கண்ட முதல் நல்ல சகுனம் என்பேன். இவ்வளவுதான் சாப்பாடு என்று நினைத்து நான் வயிறு நிறையத் தின்றேன். பிறகுதான் இறைச்சி வந்தது, அதன் பிறகு கீரை, அதன் பிறகு பழம். எங்கள் வீடுகளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பிவிடுவோம். விருந்தாளிக்குத் தன் எதிரிகள் எத்தனை பேர் என்று முதலிலேயே தெரியும்.

பழத்துக்குப் பிறகு கிழவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேசு என்று அர்த்தம். நான் தோடம்பழச் சாறு நிறைந்த கிளாசோடு எழுந்தேன். நான் ஆங்கிலத்தில் பேச, தானியேலா தாத்தாவின் மலைப் பேச்சில் மொழிபெயர்த்தாள்.

குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை. குகனைப் பற்றி நாலு வார்த்தை. அத்தோடு இருந்திருக்கலாம். "உங்கள் நாட்டை எனக்குத் தெரியும்," என்று தொடங்கினேன். ஏழு துண்டையும் சொன்னேன். தெற்கை இருளிலிருந்து மீட்ட தளபதியைச் சொன்னேன். வடக்கின் அரசரையும் அவருடைய கெட்டிக்கார மந்திரியையும் சொன்னேன். தானியேலாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. நான் நாலு வசனம் சொன்னால் அவள் நாலு சொல் சொன்னாள். வகுப்பறைப் புத்தி எங்கே போகும்? "முழுக்கச் சொல்லும் பிள்ளை, ஒன்றையும் விடாதையும்," என்றேன். அவள் குகனைப் பார்த்தாள். பிறகு முழுக்கச் சொன்னாள்.

"வடக்கும் தெற்கும் ஒன்றான அந்த நாளுக்கு!" என்று கிளாசை உயர்த்தினேன்.

கிழவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். ஒரே ஒரு வசனம் சொன்னார். பிறகு கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் படியிறங்கித் தன் நிலவறைக்குப் போய்விட்டார். கார்லா சிரித்தாள். குறுகிய, சந்தோசமில்லாத சிரிப்பு. அந்த வசனத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கூடக் கலக்கியது.

காருக்குள் ஏறியதும், "கிழவர் என்னப்பன் சொன்னவர்?" என்று குகனிடம் கேட்டேன்.

"விடுங்கோ மாமி."

"சொல்லு."

"'என்ரை மேசையிலை இருந்து சாப்பிட்டுப்போட்டு, என்ரை வீட்டை எரிச்சவனுக்கு வாழ்த்துச் சொல்லுறாள்' எண்டவராம், தானியேலா சொன்னவள்."

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "அக்கா, பொம்பிளை கேக்க வந்த இடத்திலை உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்றான். இத்தனை வயதுக்குள் என் தம்பி என்னை ஏசிய முதல் தடவை அது.

திங்கட்கிழமை தம்பி நான் ஊற்றிய தேத்தண்ணியைத் தொடாமல் வேலைக்குப் போனான். மார்க்கம் நகரத்தில் கணினிக் கம்பனியில் வேலை பார்க்கும் குகன் மாலையில் திரும்பி வந்து, காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அதற்குள்ளேயே அரை மணி நேரம் இருந்தான். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தாத்தாவின் சம்மதம் இல்லாமல் கட்டமாட்டேன் என்று தானியேலா சொல்லிவிட்டாளாம். தகப்பன் செத்த பிறகு அவளை வளர்த்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை என் கொப்பியை எடுத்து விரித்தேன். எங்கே பிழை விட்டேன் என்று பார்க்கத்தான். பதினொரு பக்கம் ஐக்கியத்தின் கதை. அதில் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: தெற்கில் கொள்ளையர் தொல்லை அடக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் என் கையெழுத்து: கேள்வி வராது.

அந்த வரியை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! மணி அடிக்கிற நேரத்தில், புத்தகங்களை மூடுகிற சத்தத்துக்கு நடுவில். யார் அடக்கினார்கள், யாரை, எப்படி என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

புதன்கிழமை பின்னேரம் சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். ராணிக்கு மட்டும் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. "வெறுங்கையோடை போகாதேங்கோ மச்சாள்," என்று ஒரு போத்தல் நிறைய, செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் தந்தாள். "அந்த மனிசன் உறைப்புத் தின்னுற ஆள். எனக்கு விளங்கினது அது ஒண்டுதான்."

பஸ், ரயில் எல்லாம் ஒழுங்காகவே ஓடின. கடைசியாக ஏறிய, தெரு நடுவே தண்டவாளத்தில் ஓடும் ட்ராம்தான் காலை வாரியது. இன்னும் ஆறு நிறுத்தம் இருக்கும்போது அது நின்றது. முன்னாலே தெரு முழுக்கச் சனம். அரையிறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது, இத்தாலி வென்றுவிட்டது. கடைக்காரர்கள் கடையை விட்டு வந்து நடுத்தெருவில் ஆடினார்கள். ஒரு பாதிரியார் ஒரு கிழவியோடு கைகோத்து ஆடினார். ட்ராம் சாரதி, கறுப்பு மனிதர், தொப்பியைக் கழற்றி முன்னாலே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "அம்மா, இது இனி எங்கேயும் போகாது. நானும் அப்படித்தான். நீங்கள் நடவுங்கள்," என்றார்.

இறங்கினேன். ஆடி மாதத்தில் தெருவில் கூட்டம் சேர்ந்தால் என் கால்கள் என்னைக் கேட்காமல் திரும்பிவிடும். பதினொரு வருடமாக அப்படித்தான். அன்றும் திரும்பின. சம்பல் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு ரொட்டிக்கடைச் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்போது மலைபோல் ஒரு இளம்பெண், முகத்தில் மூன்று நிறம் பூசியவள், என்னைக் கண்டுவிட்டாள்.

"பயப்படாதீர்கள்! இன்றைக்கு நீங்களும் இத்தாலி!" என்று கத்திக்கொண்டு தன் தோளில் கிடந்த கொடியை எடுத்து என்னைப் போர்த்திவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்து அந்தக் கூட்டத்தைப் பிளந்து, நான் காட்டிய தெருமுனை வரைக்கும் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாள். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கொடியைக் கழற்ற வேண்டும் என்ற நினைவு கிழவரின் வேலிக் கதவைத் திறந்த பிறகே வந்தது. அவர் பெனியனோடு தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வாயால் அவமதித்தவள் புதன்கிழமை கொடியையே போர்த்திக்கொண்டு வந்து நிற்கிறேன். அவசரமாகக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும். நானும் ஆட்டம் பார்த்தேன்," என்றார். கட்டட வேலையில் பழகிய ஆங்கிலம், கல் வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "பந்து வேறு. மந்திரி வேறு."

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"சாப்பிட்டீர்களா?"

நிலவறைக்கு அழைத்துப் போனார். ரொட்டி வெட்டினார். நான் போத்தலைத் திறந்து வைத்தேன். ஒரு துண்டு ரொட்டியில் சம்பலைத் தாராளமாகப் பூசி வாயில் வைத்தார். கண் சிவந்தது, மூக்கு நனைந்தது. "யார் செய்தது?" என்றார். பெடியனின் தாய் என்றேன். "நல்ல பெண்," என்று இன்னொரு துண்டு வெட்டினார்.

பிறகு அவராகவே சொன்னார். அவருடைய பாட்டனுக்கு அப்போது எட்டு வயது. கிராமத்துக் கோவில் வாசலில் ஒரு மேசை போட்டார்கள். மேசையில் இரண்டு பெட்டி. வடக்கோடு சேர ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை. மறைப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் துப்பாக்கியோடு ஆட்கள். "எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள், டீச்சர்? எங்கள் ஊர் முழுக்க ஆம். அன்றைக்கு நாங்கள் ஒன்றானோம்."

ஒன்றான பிறகு வடக்கிலிருந்து வரி வந்தது, யாருக்கும் விளங்காத மொழியில் கடிதம் வந்தது, பெடியன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்க ஆள் வந்தது. பாட்டனின் அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பிடிபட மனமில்லாமல் மலைக்கு ஓடினான். அவனுக்கு ரொட்டி கொண்டுபோனார்கள் என்று வீட்டை எரித்தார்கள். அவன் திரும்பி வந்து பிடிபட்டான். கோவில் சுவரோடு நிற்கவைத்துச் சுட்டார்கள். அந்தச் சின்னத் தம்பி பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோவில் பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். பெயருக்குப் பக்கத்தில், கொள்ளைக்காரன். அவன் பெயர் சவேரியோ. அதுதான் எனக்கு." அவர் மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் தூளை உள்ளங்கையால் கூட்டினார். "ஊரில் நான் கலாபிரியாக்காரன். இங்கே வந்தேன். சுரங்கத்துக்குள் எட்டுப் பேர். வெனிஸ்காரன், சிசிலிக்காரன், நப்போலிக்காரன். ஒருவன் பேச்சு ஒருவனுக்கு விளங்காது. மேற்பார்வைக்காரன் 'ஏய் இத்தாலி!' என்று கத்துவான். எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்போம். நான் இத்தாலிக்காரன் ஆனது ரொறன்ரோவில், மண்ணுக்குக் கீழே."

நான் பையிலிருந்து கொப்பியை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசித்து, அர்த்தம் சொன்னேன். பக்கத்திலிருந்த சிவப்பு எழுத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

"எத்தனை வருடம் படிப்பித்தீர்கள்?"

"இருபத்தாறு."

பிறகு, சொல்லவேண்டும் என்று நான் நினைத்திராததைச் சொன்னேன். பதினொரு வருடத்துக்கு முன்னால், இதே ஆடியில், கொழும்பில் நான் இருந்த வீட்டை எரித்தார்கள். தம்பி குடும்பமும் அப்போது என்னோடு இருந்தது. குகனுக்குப் பதினைந்து வயது. பின்மதிலால் ஏறிக் குதித்து ஒரு சிங்கள வீட்டின் குளியலறையில் ஒளிந்திருந்தோம். அடுத்த கிழமை பேப்பரில் ஒரு வரி வந்தது: நிலைமை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அதை வாசித்து எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. தம்பி கனடாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். "வீட்டோடு என் பாடக் குறிப்புகளும் எரிந்துபோயின. அகதி முகாமிலிருந்து வந்ததும் ஞாபகத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். இந்தக் கொப்பி அதுதான். இந்த வரியையும் திரும்ப எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை."

கிழவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். "கொள்ளைக்காரன் எந்தச் சொல்?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். தன் தடித்த பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். மேலே எழுதினேன்: சவேரியோ, வயது பத்தொன்பது. எழுதியதை வாசித்தும் காட்டினேன். அவருடைய பெயர் தமிழில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளப்பவர்போலக் குனிந்து பார்த்தார்.

"அப்படியென்றால் யாக்கோமோவையும் எழுதுங்கள்."

குரல் படியிலிருந்து வந்தது. கார்லா வேலையால் வந்திருந்தாள். தோளில் பையோடு பாதிப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"யார் யாக்கோமோ?" என்றார் கிழவர்.

"என் பாட்டனாருக்குச் சித்தப்பா. இருபது வயது. பட்டாளத்துக்குப் பிடித்து உங்கள் மலைக்கு அனுப்பினார்கள். அவனும் விரும்பிப் போகவில்லை. ஒரு சண்டையும் பார்க்கவில்லை. காய்ச்சலில் செத்தான். கலாபிரியா எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அவனுடைய தாய் சாகும்வரை தெருவில் நின்றாளாம்." கார்லா ஆங்கிலத்தில் சொன்னாள், நான் இருந்தபடியால். பிறகு அதையே மெதுவாக இத்தாலியனில் சொன்னாள்.

கிழவர் அவள் பக்கம் திரும்பினார். "இருபத்தெட்டு வருடம் இந்த வீட்டில் இருக்கிறாய். ஒரு நாளும் சொல்லவில்லையே."

"நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை, பப்பா."

நான் அங்கே இல்லாதவள் போல இருக்க முயன்றேன். மூன்று நிறக் கொடியைப் போர்த்துக்கொண்டு அது சுலபமில்லை.

"காய்ச்சலா?" என்றார் கிழவர், கடைசியில்.

"ஓம், காய்ச்சல். உங்கள் ஊர் நுளம்பு கடித்து."

"எங்கள் நுளம்பு பொல்லாதது," என்றார் அவர், தன் பிழை என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு. பிறகு எழுந்து இன்னொரு கோப்பை எடுத்து வைத்து, ரொட்டியில் ஒரு துண்டு வெட்டினார். கார்லா மிச்சப் படிகளை இறங்கி வந்தாள். சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தவள் இரும, கிழவர் எழும்பித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் யாக்கோமோவை எழுதினேன்.

புறப்படும்போது, "ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். இறுதி ஆட்டம்," என்றார் கிழவர்.

"வந்து நான் முறையாகப் பேசுகிறேன். மேசையில் சொன்ன பிழையை மேசையிலேயே திருத்த வேண்டும்."

"வேண்டாம் டீச்சர்!" பயந்துபோனார் மனிதர். "பேச வேண்டாம். சாப்பிடுங்கள்."

மல்வேர்னுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது ராணி கேட்டது சம்பலைப் பற்றி மட்டும்தான். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "நீங்கள் உந்த 83 கதையை எங்களோடையே கதைக்கிறேல்லை அக்கா," என்றான். உண்மைதான். மதிலால் குதித்த நாலு பேரும் மறுபடி ஒரே வீட்டுக்குள் இருந்தோம். பதினொரு வருடத்தில் அன்று இரவுதான் முதன்முதலாக அதைப் பற்றிப் பேசினோம். குகன் தன் முழங்காலில் இருக்கும் தழும்பைக் காட்டினான். அது அந்த மதிலில் பட்டது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் ஏழு கதிரை போட முடியாமல் போட்டு, ஒரு சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் ஒருவரும் கோல் அடிக்கவில்லை. பந்தாட்டம் தெரியாத ராணி, "எப்ப தொடங்கும்?" என்று இரண்டு தரம் கேட்டாள். கடைசியில் ஒருவர் பின் ஒருவராக நின்று உதைத்து முடிவெடுக்கும் கட்டம் வந்தது. இத்தாலிக்காரர் உதைத்த கடைசிப் பந்து கம்பத்துக்கு மேலே எங்கோ போனது.

வெளியே ஒரு ஹோர்ன் சத்தம்கூட இல்லை. அவ்வளவு பெரிய நகரம் வாயில் கைவைத்துக்கொண்டது போலிருந்தது. தானியேலா அழுதாள். கார்லா மாமனின் கதிரைப் பிடியில் கைவைத்தபடி நின்றாள். "தோத்திட்டினமோ?" என்று ராணி மெதுவாகக் கேட்க, தம்பி "ஓம்" என்றான்.

கிழவர் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். திரும்பிக் குகனைப் பார்த்தார்.

"எப்போது?" என்றார்.

குகன் தடுமாறினான். "இன்னும் நாலு வருசத்திலை, தாத்தா. பிரான்சிலை. அடுத்த கிண்ணம் கட்டாயம்..."

"முட்டாள். பந்தை எவன் கேட்டான்? நாலு வருடம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வயதில்லை. கலியாணம் எப்போது?"

தானியேலா அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். புரட்டாசி நல்ல மாதம் என்றாள் கார்லா. அது தக்காளி சோஸ் காய்ச்சுகிற நேரம், ஆகாது என்றார் கிழவர். இரண்டு பேரும் தங்கள் மொழியில் சத்தமாகத் தொடங்கிவிட்டார்கள். அன்று பகல் முழுக்க ஒரு சொல் ஆங்கிலமும் விளங்காமல் இருந்த ராணிக்கு இது மட்டும் எப்படியோ விளங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து, எட்டாக மடித்து வைத்திருந்த பஞ்சாங்கத் தாளை எடுத்து அந்த இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தாள்.